டை தொட்ட பிறகு கால் சுற்று: தோட்டா மறுநிரப்பும் மேசையில் நான் செய்த தவறுகள்

ஜனவரி 6

வாசகர் ஒருவரின் கேள்வி: "பழைய பிரஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் வகை. 308 வின்செஸ்டர் கூடுகளை மறுநிரப்ப ஆரம்பித்திருக்கிறேன். டையோடு வந்த தாளில், ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை டையை இறக்கு, அப்புறம் இன்னும் கால் சுற்று திருகு, லாக் ரிங்கை இறுக்கு என்று போட்டிருக்கிறது. அப்படியே செய்தேன். இனிமேல் அதைத் தொடவே வேண்டாம், ஒருமுறை சரியாக அமைத்தால் அமைத்ததுதான் என்கிறேன். சரிதானே?"

புதியவர்களுக்கு ஒரு வரி: 308 வின்செஸ்டர் ஒரு ரைஃபிள் தோட்டா வகை; கூடு என்பது சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளை உறை; டை அதைப் பழைய அளவுக்கு ஒடுக்கும் அச்சு; பிரஸ் கைப்பிடியால் கூட்டை டைக்குள் ஏற்றும் கருவி; ஷெல் ஹோல்டர் கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு; லாக் ரிங் டையை அதன் உயரத்தில் பூட்டும் வளையம். அந்தத் தாள் சொன்னபடிதான் நானும் ஆரம்பித்தேன். கால் சுற்று சரிதான். ஆனால் "தொடவே வேண்டாம்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை சரியாக அமைத்த ஒன்று எனக்குத் தெரியாமல் நகர்ந்ததால் வந்தவை. அமைக்கத் தெரியாமல் செய்தவை குறைவு.

லாக் ரிங்கையே எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் சிறு திருகு உள்ள ரிங் என்றால், அந்தத் திருகு டையின் மரையிலேயே நேராக அழுந்தி மரையைக் கெடுக்கும். கெட்ட மரையில் ரிங் மறுநாள் வேறிடத்தில் நிற்கும். திருகுக்கு அடியில் ஒரு சின்ன ஈய உருண்டையை வைத்துவிட்டு இறுக்குங்கள். இன்னொன்று: ஒரு கூடு டைக்குள் முழுசாக ஏறியிருக்கும்போதே ரிங்கை இறுக்க வேண்டும். அப்போதுதான் டை, கூட்டை மேலே ஏற்றும் தண்டுக்கு நேராக வந்து உட்காரும்.

சட்டம் இதை அனுமதிக்கும் இடங்களில், அதற்கான உரிமத்தோடு செய்பவர்களுக்காக எழுதுகிறேன். எவ்வளவு பவுடர் என்று இங்கே ஒரு எண்ணும் எழுத மாட்டேன். அதற்கு பவுடர் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணை இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மேசையில் உட்கார வேண்டும்.

ஜனவரி 7

முதலில் மேசையைச் சொல்லியிருக்க வேண்டும். என் முதல் பிரஸ்ஸை மரத்தூள் பலகை மேல் நான்கு மரத்திருகுகளால் மாட்டினேன். இரண்டாவது வாரம் கைப்பிடியை அழுத்தும்போது பலகையின் முன்விளிம்பு மேலெழுவது கண்ணுக்கே தெரிந்தது. பலகை அசைந்தால் கையில் தெரிய வேண்டிய உணர்ச்சி தெரியாமல் போய்விடும். பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) முழுசாக உட்கார்ந்ததா, கூடு டைக்குள் சிக்குகிறதா என்று முதலில் சொல்வது கைதான். பலகையைத் துளைத்து ஊடுருவும் போல்ட், அடியில் இரும்புப் பட்டை, மேசைக் காலுக்கு நேர் மேலே பிரஸ். இது மூன்றும் போதும்.

ஜனவரி 9, இரவு

மசகு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நேரான சுவருள்ள கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு கார்பைடு வளையம் வைத்த டை இருந்தால் மசகு வேண்டாம். கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூடுகளுக்குக் கட்டாயம் வேண்டும். கார்பைடு டையை ஷெல் ஹோல்டரில் மோதும்படி இறக்கவும் கூடாது. அந்த வளையம் கடினமானது, ஆனால் மோதினால் விரிசல் விடும்.

முதல் நாளே ஒரு கூட்டை டைக்குள் சிக்க வைத்தேன். முப்பது கூடுகளுக்கு மசகு தடவினேன், முப்பத்தொன்றாவதுக்குத் தடவியதாக நினைத்துக்கொண்டேன். கைப்பிடி பாதியில் நின்றது. நின்ற இடத்தில் நானும் நின்றிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஏறிவிடும் என்று அழுத்தினேன். ஏறியது. இறக்கும்போது ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அடியில் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட்டை விட்டு இழுத்துத்தான் எடுக்க முடிந்தது.

பயந்துபோய் அடுத்த தொகுதிக்கு மசகை அப்பினேன். அதுவும் தவறு. டைக்குள் தேங்கிய மசகுக்குப் போக இடமில்லை, பித்தளையைத்தான் உள்ளே தள்ளியது. பத்துப் பன்னிரண்டு கூடுகளின் தோளில், அதாவது உடம்பு கழுத்தாக ஒடுங்கும் சரிவில், நகக்கண் அளவு பள்ளம். உடம்பில் மெல்லிசாகத் தடவி, கழுத்தில் சும்மா வருடினால் போதும், தோளில் மசகு கூடவே கூடாது. டையில் சிறு காற்றுத் துளை இருந்தால் அது அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 10

ஊசி உடைவது பற்றி. பிரைமரை வெளியே தள்ளும் ஊசி உடைந்தால் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை, ஊசி அதற்குள் இறங்கும். இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டான் வகை, ஊசி நேராகப் பித்தளையில் மோதி முறியும். பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் பரவியது பாக்ஸர் முறை, ஐரோப்பாவில் நெடுங்காலம் நின்றது பெர்டான் முறை.

ஜனவரி 14

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். நான்காவது முறை சுட்ட கூடுகளில் இரண்டில், அடியிலிருந்து கொஞ்சம் மேலே, சுற்றிலும் பளபளப்பான ஒரு கோடு தெரிகிறதாம். "டை தேய்த்த அடையாளம்தானே?" என்று கேட்கிறார்.

அந்தத் தொகுதியைச் சுடுவதை நிறுத்துங்கள். டை தேய்த்ததாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்து விட்டுவிடக் கூடாத அடையாளம் அது.

ஒரு மெல்லிய கம்பியின் நுனியை நேர்கோணமாக மடக்கி, கூர்மையாகத் தேய்த்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே சுவரோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெரியும் இடத்துக்கு நேர் உள்ளே நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால் கூடு அங்கே மெலிந்துவிட்டது. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். நூறு வாக்கியம் சொல்லாததை அந்த வெட்டு முகம் சொல்லும்.

ஜனவரி 15

நேற்றிரவு என் பழைய டப்பாவிலிருந்து ஐந்து முறை சுட்ட கூடு ஒன்றை எடுத்து அறுத்தேன். தாள் சொன்னபடி கால் சுற்று இறக்கிய டையில் ஏறி இறங்கிய கூடு. அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள், தடித்த அடிப்பகுதி மெல்லிய சுவராக மாறும் இடத்தில், உள்பக்கம் ஒரு வாய்க்கால். நகத்தால் தொட்டால் தெரிகிறது. இதே கூட்டை இன்னொரு முறை சுட எடுத்து வைத்திருந்தேன்.

ஆகவே 6ஆம் தேதி "கால் சுற்று சரிதான்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தொடக்கத்துக்கு அது ஒரு வழி, அவ்வளவுதான். எந்தத் துப்பாக்கியின் அறையிலும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா நுழைய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட வாக்கியம் அது. உங்கள் அறையின் நீளம் அந்தத் தாளுக்குத் தெரியாது.

நடப்பது இதுதான். டை கூட்டின் தோளை அளவுக்கு மீறிப் பின்னே தள்ளிவிடுகிறது. அந்தத் தோட்டாவை அறைக்குள் வைத்தால் முன்னே கொஞ்சம் இடைவெளி இருக்கும். அடிக்கும் ஊசி கூட்டை முன்னே தள்ளும். அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்சுவர் விரிந்து அறையைக் கவ்விக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி மட்டும், அறையைப் பின்னாலிருந்து மூடும் துப்பாக்கி போல்ட்டைத் தொடும் வரை பின்னே போகும். இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் இழுபட்டு, ஒவ்வொரு முறை டையில் தோள் பின்னே போய், கடைசியில் அங்கேயே இரண்டாகப் பிரியும். சூடான வாயு அந்த விரிசல் வழியாகப் பின்னால் வரும். கண்ணாடி போடாமல் ஒருநாளும் சுடாதீர்கள்.

ஜனவரி 15, பிற்பகல்

ஒரு கணக்கு. டையின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. ஒரு முழுச் சுற்று 1.81 மில்லிமீட்டர் இறக்கம், கால் சுற்று 0.45 மில்லிமீட்டர். போல்ட் துப்பாக்கியில் தோள் பின்னே போக வேண்டியது சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். அதாவது ஒன்பது மடங்கு அதிகம் தள்ளியிருக்கிறோம்.

ஜனவரி 16

மேலே உள்ள கடைசி வரி தவறு. எண்கள் சரி, முடிவு தவறு. டை ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகு அதற்கு மேல் கூடு உள்ளே போக வழியில்லை. அந்தக் கால் சுற்று, அழுத்தத்தில் பிரஸ் வளைந்து கொடுப்பதை ஈடுகட்டி, டையும் ஹோல்டரும் உண்மையிலேயே ஒட்டி நிற்க வைக்கிறது. தோள் 0.45 மில்லிமீட்டர் போய்விடாது. டைக்கும் ஹோல்டருக்கும் இடையே எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுகும். என் துப்பாக்கியில் அது சுமார் 0.2 மில்லிமீட்டராக இருந்தது. அறை கொஞ்சம் நீளமானது. உங்களுடையதில் வேறாக இருக்கும். அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இப்போது நான் செய்யும் முறை. சுட்ட கூட்டின் பிரைமரை மட்டும் எடுத்துவிட்டு, காலிப்பரின் தாடையில் தோளில் உட்காரும் வளையத்தை மாட்டி, அடியிலிருந்து தோள் வரை அளந்து எழுதிக்கொள்வேன். ஒரே கூட்டை நம்பாமல் ஐந்து கூடுகள். டையை ஹோல்டரைத் தொடாத உயரத்தில் வைத்துத் தொடங்கி, ஒரு கூட்டை ஏற்றி இறக்கி, மசகைத் துடைத்து, அளப்பேன். முதலில் தோள் கொஞ்சம் முன்னே போகும், ஏனென்றால் உடம்பு ஒடுங்கும்போது பித்தளைக்குப் போக வேறு இடமில்லை. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சுட்ட அளவைவிட 0.05 மில்லிமீட்டர் குறையும் இடத்தில் நிறுத்துவேன். மரைக் கணக்கில் அது சுமார் 10 பாகை. கடிகார முள் இரண்டு நிமிடம் நகர்வதைவிடக் குறைவு. அவ்வளவு நுணுக்கம் கையில் இருக்கிறது, அதை ஒரு தாளிடம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

தானியங்கித் துப்பாக்கிகளுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேண்டும். போல்ட் தானாக மூட வேண்டும் அல்லவா.

ஜனவரி 19

பிரைமர். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், காரணம் இதில்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

45 ஏசிபி என்னும் கைத்துப்பாக்கிக் கூடுகள் இரண்டு வகையாக வருகின்றன, பெரிய பிரைமருக்கும் சின்ன பிரைமருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூடு. தரையிலிருந்து பொறுக்கிய குவியலில் இரண்டும் கலந்திருந்தன. பெரிய பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், சின்னதின் குழி 0.175 அங்குலம். கைப்பிடியை அழுத்தினேன், நின்றது. டைக்குள் கூடு சிக்கிய நாள் நினைவுக்கு வந்தது. இந்த முறை அழுத்தவில்லை. மெதுவாக இறக்கிப் பார்த்தால் பிரைமர் ஒரு பக்கம் நசுங்கி, குழியின் வாயில் சாய்ந்து கிடந்தது. அழுத்தியிருந்தால் முகத்துக்கு ஒன்றரை அடியில் வெடித்திருக்கலாம். அன்றைக்கு மேசையை மூடிவிட்டு, மறுநாள் குவியல் முழுவதையும் ஒவ்வொன்றாக அடிப்புறம் பார்த்துப் பிரித்தேன்.

ரைஃபிளுக்கான பெரிய பிரைமரும் கைத்துப்பாக்கிக்கான பெரிய பிரைமரும் ஒரே விட்டம்தான், ஆனால் ரைஃபிளுடையது உயரம் கூட. மாற்றிப் போட்டால் அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். துருத்திய பிரைமர் தானியங்கித் துப்பாக்கியில் போல்ட் மூடும் வேகத்திலேயே வெடிக்கக் கூடும். உட்கார வைத்த ஒவ்வொன்றின் மேலும் விரல் நுனியை ஓட்டுங்கள். அடியின் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். ராணுவக் கூடுகளில் குழியின் விளிம்பை நசுக்கி வைத்திருப்பார்கள், அதைச் சீவி எடுக்காமல் புதிய பிரைமர் போகாது.

அப்புறம் கை கழுவுவது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் உருளையின் தூளில் அது சேர்கிறது. மேசையில் சாப்பிடாதீர்கள், குழந்தைகள் விளையாடும் அறையில் அந்த உருளையை ஓட்டாதீர்கள்.

ஜனவரி 22

"முடிந்த தோட்டாக்களை எடை போட்டால் பவுடர் விழாமல் போனது தெரிந்துவிடுமே?" என்று ஒருவர். கைத்துப்பாக்கித் தோட்டாவில் தெரியாது. கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு வருகிற எடை வித்தியாசமே பல கிரெயின் (பவுடரை அளக்கும் சிறு எடை அலகு) இருக்கும், உள்ளே போகும் பவுடரே சில கிரெயின்தான். வித்தியாசம் வித்தியாசத்தில் மறைந்துவிடும்.

குண்டு வைக்கும் முன் ஐம்பது கூடுகளையும் ஒரே தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். பவுடர் இல்லாத ஒன்றில் பிரைமரின் பலம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும். சத்தம் சன்னமாக இருக்கும், உதை இருக்காது. அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டு மடங்கு விழுந்த ஒன்று கூட்டையும் துப்பாக்கியையும் உடைக்கும். அட்டவணையில் உள்ளவற்றில், கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பவுடரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மடங்கு விழுந்தால் வழிந்து தானே காட்டிக்கொடுக்கும்.

ஜனவரி 23

தராசு. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். ஒரு கிராமுக்குச் சுமார் 15.43 கிரெயின். நாம் நம்பியிருக்கும் பத்தில் ஒரு கிரெயின் என்பது ஆறரை மில்லிகிராம். மின்விசிறிக் காற்று அந்தத் தட்டைத் தொட்டாலே எண் மாறும்.

என் மின்னணுத் தராசைப் போட்ட உடனே பூஜ்யம் வைத்து வேலையைத் தொடங்கினேன். அரை மணி நேரம் கழித்து வெறும் தட்டை வைத்தால் 0.3 கிரெயின் விலகியிருந்தது. எப்போது விலகியது என்று தெரியாது. சுத்தியல் போன்ற இழுப்பானால் முப்பது தோட்டாக்களைத் தட்டிப் பிரித்தேன். இப்போது இருபது நிமிடம் முன்பே போட்டு வைக்கிறேன். தராசோடு வரும் எடைக்கல் பெரும்பாலும் 20 கிராம், அதாவது முன்னூறு கிரெயினுக்கு மேல். நாம் அளப்பது அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆகவே நம் அளவுக்கு நெருக்கமான சின்ன எடைக்கல் ஒன்று வாங்கி, பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன். கோல் தராசு வைத்திருப்பவர்கள் பெரிய நகர்த்தி (கோலின் மேல் நகரும் எடை) எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு பள்ளம் தள்ளியிருந்தாலும் சின்ன நகர்த்தி சரியாகவே இருக்கும், கண் அதை மட்டுமே பார்க்கும்.

ஜனவரி 23, இரவு

பவுடர் டப்பா பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. ஒருமுறை அளவைக் கருவியின் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை மறுநாள் பார்த்து, இது எந்தப் பவுடர் என்று யோசித்தேன். ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தது. அந்த "ஏறக்குறைய" போதாது என்று அத்தனையையும் எடுத்து அழித்தேன்.

ஜனவரி 28

கிரிம்ப், அதாவது குண்டு நகராதபடி கூட்டின் வாயை நசுக்கிப் பிடிக்க வைப்பது. குண்டை உட்கார வைக்கும் டையே கூட்டின் வாயையும் நசுக்கும். அதன் உடலைத் தேவைக்கு மேல் இறக்கினால், குண்டு இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே வாய் அதைக் கவ்விவிடும். கவ்விய வாயோடு குண்டு கீழே போனால் தோள் புடைக்கும். புடைப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் அறைக்குள் போகாது. இருபது தோட்டாக்களைச் சுடும் இடம் வரை கொண்டுபோய்த்தான் நான் கண்டுபிடித்தேன்.

டையின் உடலை ஏற்றி வைத்து முதலில் குண்டை மட்டும் உட்கார வையுங்கள். அப்புறம் டைக்குள் குண்டை அழுத்தும் உள்தண்டை ஏற்றிவிட்டு உடலை இறக்கி, தனியாகக் கிரிம்ப் போடுங்கள். இதிலும் கூடுகளின் நீளம் ஒன்றாக இல்லாவிட்டால் ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்கு இல்லை என்றாகிவிடும். 308க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், வழக்கமாக 2.005க்கு வெட்டுவார்கள். 9 மில்லிமீட்டர், 45 ஏசிபி போன்றவை அறைக்குள் கூட்டின் வாயிலேயே நிற்பவை. அவற்றின் வாயை உள்ளே சுருட்டிவிட்டால் நிற்க இடமில்லை. லேசாக ஒடுக்குவது மட்டும்தான்.

பிப்ரவரி 2

கேட்டவர் ஒரு கூட்டை அறுத்துப் பார்த்துவிட்டார். உள்ளே வாய்க்கால் இருக்கிறதாம். நாற்பது கூடுகளையும் சுத்தியலால் தட்டி நசுக்கி, பழைய பித்தளையோடு போட்டுவிட்டேன், மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார். சரியான காரியம் செய்திருக்கிறார். நசுக்காமல் விட்டிருந்தால் இன்னொருவர் பொறுக்கியிருப்பார்.

"இத்தனையும் அளந்து அமைத்த பிறகாவது லாக் ரிங்கைத் தொடாமல் விடலாமா?" என்றும் கேட்கிறார். ரிங்கைத் தொட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதல் கூட்டை அளந்து பாருங்கள். பித்தளை பலமுறை சுட்டு இறுகிவிட்டால் அதே டையில் அதே அமைப்பில் தோள் முன்பு போன அளவு போகாது, துள்ளி வந்துவிடும். டை அப்படியே நிற்கும், கூடு மாறியிருக்கும்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதை இன்று நானே செய்தேன். டையைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, முதல் கூட்டை ஏற்றி இறக்கி அளந்தால், குறிப்பேட்டில் இருப்பதைவிட 0.03 மில்லிமீட்டர் நீளம். ரிங் இறுக்கமாகத்தான் இருக்கிறது. டையைக் கழற்றிப் பார்த்தேன், ரிங்கின் அடியில் பிரைமர் கரி ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. துடைத்து வைத்து இரண்டாவது கூட்டை ஏற்றினேன், அளவு வந்துவிட்டது. முதல் கூட்டை மறுபடி ஏற்றினேன், அதுவும் வந்துவிட்டது. மீதி நாற்பத்தெட்டுக்கு இப்போதுதான் மசகு தடவப் போகிறேன்.